குதிரைப் பந்தயத்தில் ஜொக்கி உண்மையில் என்ன செய்கிறார்?

யாழ்ப்பாணத்தில் குதிரைப் பந்தயத் திடல் கிடையாது. எங்களுக்குக் கிட்டிய குதிரைகள் நெடுந்தீவில் மேயும் மட்டக் குதிரைகள்தான். குறிகட்டுவானில் படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆனாலும் குதிரைப் பந்தயம் பற்றிய கதை இங்கே குறைவில்லை. சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போகும் குடும்பங்கள் கவர்னர்ஸ் கப் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வருகின்றன. லண்டனில் இருக்கும் மச்சான்மார் ஏப்ரல் மாதத்தில் கிராண்ட் நஷனல் என்ற வேலி தாண்டும் பெரிய ஓட்டம் பற்றி வாட்ஸப்பில் எழுதுகிறார்கள். கோடையில் அங்கே பின்னேரம் 2 மணிக்கு ஓடும் குதிரையின் முடிவை இங்கே மாலை 6.30க்கு, பந்தயம் கட்டும் புக்கிக் கடையில் காத்திருந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இத்தனை பேரும் குதிரையின் பெயரைச் சொல்வார்கள், கட்டிய காசைச் சொல்வார்கள். மேலே இருந்து ஓட்டிய ஜொக்கியைப் பற்றிக் கேட்டால் "ஆள் சின்னன், சவுக்கால அடிப்பான்" என்பதோடு கதை முடிந்துவிடும். அது எனக்கு நெடுநாள் மனக்குறை. உலகிலேயே கடினமான விளையாட்டுத் தொழில்களில் ஒன்று அது. இந்தத் துறையே தெரியாதவர்களுக்காக, ஜொக்கி எப்படி வேலை செய்கிறார் என்பதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைப் பிரித்துப் பார்ப்போம். எங்கள் ஊர் மாட்டுவண்டிச் சவாரியில் காளையை வளர்த்தவரே பல வேளை வண்டியிலும் ஏறுவார். இல்லையென்றால் தனக்கு நம்பிக்கையான சவாரிக்காரர் ஒருவரை ஏற்றுவார். காளைக்குத் தவிடு வைப்பது, நடத்திப் பழக்குவது, திடலில் ஓட்டுவது எல்லாம் ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கும். குதிரைப் பந்தயத்தில் இந்த வேலைகள் மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கின்றன. உரிமையாளர் காசு போட்டுக் குதிரையை வாங்குகிறார். பயிற்றுநர் அதைத் தன் தொழுவத்தில் வைத்து, தீன் கொடுத்து, ஓட்டத்துக்குத் தயார்படுத்துகிறார். எந்தப் பந்தயத்தில் விடுவது என்று முடிவெடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான். ஜொக்கி அந்தச் சில நிமிட ஓட்டத்துக்கு மட்டும் அமர்த்தப்படுபவர். அவர் போட்டிருக்கும் வண்ணச் சட்டைகூட அவருடையது இல்லை, உரிமையாளரின் நிறம் அது. ஒரே நாளில் ஆறு ஓட்டம் ஓடும் ஜொக்கி ஆறு நிறத்தில் சட்டை மாற்றுவார். முதல் ஓட்டத்தில் யாருடைய குதிரையைத் தோற்கடித்தாரோ அவருக்காகவே மூன்றாம் ஓட்டத்தில் ஓட்டுவார். இதில் யாருக்கும் வருத்தம் இருப்பதில்லை.

பிரித்தானியாவில் ஜொக்கிகள் சுயதொழில் செய்பவர்கள். மாதச் சம்பளம் இல்லை. பெரிய உரிமையாளர் ஒருவர் ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, தன் குதிரைகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்று ஒரு சிலரை ஒப்பந்தம் செய்துகொள்வதுண்டு. மற்றவர்களுக்கு ஒவ்வொரு ஓட்டமும் தனிக் கூலி. தடை இல்லாத சமதள ஓட்டத்துக்கு 150 பவுணுக்கு மேல், வேலி தாண்டும் ஓட்டத்துக்கு 200 பவுணுக்கு மேல் கிடைக்கும். வென்றாலும் கடைசியாக வந்தாலும் இந்தத் தொகை மாறாது. வென்றால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு கூடச் சேரும். அமெரிக்காவில் வென்ற ஜொக்கிக்கு உரிமையாளரின் பரிசில் 10 சதவீதம் என்பது வழக்கம்.

150 பவுண் என்றதும் எங்கள் காசுக்கு மாற்றிப் பார்த்து வியக்க வேண்டாம். குதிரை பிடித்துக் கொடுக்கும் முகவருக்குப் பிரித்தானியாவில் பத்தில் ஒரு பங்கு போகும், அமெரிக்காவில் கால்வாசி. சேணத்தைத் துடைத்து, உடுப்புகளை ஒழுங்குபடுத்தி, எடைக்குத் தயார்செய்து கொடுக்கும் உதவியாளருக்கு ஒரு தொகை. பிறகு பெற்றோல். பின்னேரம் ஒரு திடல், இரவு வேறொரு திடல் என்று நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டுவது அங்கே அன்றாடம். ஒரே ஒரு குதிரைக்காக நாலு மணி நேரம் காரோட்டிப் போய், அது பத்தாவதாக வந்து, மறுபடி நாலு மணி நேரம் திரும்பி வருகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். பத்திரிகையில் படம் வருகிற இருபது முப்பது பேரை வைத்து இந்தத் தொழிலின் வருமானத்தை அளக்கக்கூடாது.

இந்த முகவரின் வேலையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பந்தயத்தில் பன்னிரண்டு குதிரை ஓடுகிறதென்றால் அவற்றில் வெல்லக்கூடியது இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்றைத் தன் ஆளுக்குப் பிடித்துக்கொடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல முகவர். ஜொக்கியும் சும்மா இருப்பதில்லை. விடியப்புறம் பயிற்றுநர்களின் தொழுவங்களுக்குப் போய்க் குதிரைகளை ஓட்டிப் பழக்கிக் கொடுப்பார். அந்தக் காலை வேலைக்குப் பல வேளை காசு கிடைக்காது. குதிரையின் குணம் பிடிபடும், பயிற்றுநரின் கண்ணில் படலாம் என்பதற்காகத்தான் போகிறார்.

இனி எடை. ஜொக்கியின் வாழ்க்கையில் மற்ற எல்லாமே இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பெரும்பாலான பந்தயங்களில் ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடையைச் சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். பெரிய பந்தயங்களில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எடை. அமெரிக்காவின் கென்டக்கி டேர்பியில் ஆண் குதிரைகளுக்கு 126 இறாத்தல், அதாவது 57 கிலோ. இன்னொரு வகைப் பந்தயத்தில் கெட்டிக்காரக் குதிரைக்குக் கூடிய எடை, பலவீனமான குதிரைக்குக் குறைந்த எடை என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். ஒரு மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ 2 இறாத்தல் எடை ஒரு குதிரையின் உடல் நீளத்துக்குச் சமம் என்பது கணிப்பவர்களின் கணக்கு. பாணில் இரண்டு இறாத்தல் என்றால் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். அதைக் கூடுதலாக ஏற்றினால் அரைத் தொன் எடையுள்ள மிருகம் ஒரு நீளம் பின்தங்கும்.

குதிரைக்கு 58 கிலோ என்று எழுதியிருந்தால், ஜொக்கியும் சேணமும் சேர்ந்து 58 கிலோ இருக்க வேண்டும். ஜொக்கி 52 கிலோ என்றால் மீதிக்கு ஈயத் தகடுகளைச் சேணத்துக்குக் கீழே இருக்கும் துணிப் பைகளில் செருகுவார்கள். ஜொக்கியே 60 கிலோ என்றால் வழி இல்லை, அந்தக் குதிரை வேறு ஆளுக்குப் போய்விடும். ஓட்டத்துக்கு முன்னர் ஜொக்கி தன் சேணத்தைக் கையில் பிடித்தபடி தராசில் அமர்வார். அதிகாரி ஒருவர் எடையைக் குறித்துக்கொள்வார். ஓட்டம் முடிந்து இறங்கியதும், முன்னணியில் வந்தவர்கள் அதே சேணத்தோடு அதே தராசுக்குப் போக வேண்டும். எடை குறைந்திருந்தால் வென்ற குதிரையின் வெற்றி பறிபோகும். ஓடும்போது ஈயத் தகடு ஒன்று நழுவி விழுந்திருந்தாலும் அதே கதிதான். "எடை சரி" என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் முடிவு முடிவாகும். எல்லைக் கோட்டைக் கடந்ததும் ஜொக்கி குதிரையின் கழுத்தைத் தட்டிவிட்டு, கையசைத்துக்கொண்டிருக்காமல் சேணத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடுவது அதனால்தான்.

சாதாரண வளர்ந்த மனிதர் ஒருவர் இந்த எடையில் நிற்பது எளிதல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஃபிரெட் ஆர்ச்சர் என்ற ஜொக்கி 13 முறை நாட்டின் முதலிடத்தைப் பிடித்தார். மொத்தம் 2,748 வெற்றிகள். ஆனால் அவர் உயரமான மனிதர், குதிரைக்கு ஏற்ற எடையில் நிற்கக் காலமெல்லாம் பட்டினி கிடந்தார். மனைவியையும் இழந்த அவர், 1886இல் உடம்பு முற்றாக வற்றி, கடும் காய்ச்சலில் கிடந்த நிலையில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். வயது 29. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்தின் பெரிய பந்தயமான எப்சம் டேர்பியை 9 முறை வென்ற லெஸ்டர் பிகட் 5 அடி 8 அங்குல உயரம். தன் உடம்பு கேட்ட எடைக்கு மிகக் கீழே பல பத்தாண்டுகள் நின்றார். வெந்நீர்த் தொட்டியில் கிடந்து வியர்ப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, நீராவி அறையில் அமர்ந்து ஒரு கிலோவைக் கரைப்பது என்பவை எல்லாம் தொழிலின் சாதாரண பாகங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. பிரித்தானியத் திடல்களில் இருந்த நீராவி அறைகளை நிரந்தரமாக மூடியதே 2021இல்தான்.

இதை வீரக் கதையாக எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றிய ஒருவருக்குக் கவனமும் தீர்மானமும் தளரும். அந்த நிலையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், பத்துப் பன்னிரண்டு குதிரைகளுக்கு நடுவே அவரை அனுப்புவது தவறு. எடை அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

சரி, ஓட்டம் தொடங்கிவிட்டது. மேலே இருப்பவர் என்ன செய்கிறார்?

பார்வைக்கு அவர் அமர்ந்திருப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஓட்டம் முழுக்க அவர் சேணத்தில் அமர்வதே இல்லை. கால் வைக்கும் அங்கவடியை மிகக் குட்டையாகக் கட்டி, பாத நுனியில் நின்று, முழங்காலை மடித்து, முதுகைக் குதிரையின் முதுகுக்குச் சமாந்தரமாக வைத்திருப்பார். இந்த முறை 1890களின் இறுதியில் டொட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜொக்கியால் இங்கிலாந்தில் பரவியது. அதற்கு முன் ஆட்கள் நீண்ட அங்கவடியில் நிமிர்ந்து அமர்ந்துதான் ஓட்டினார்கள். புது முறை பரவிய சில ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன. காரணத்தை லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் அளந்து காட்டினார்கள். ஓடும் குதிரையின் முதுகு ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைகிறது. ஜொக்கி தன் காலையே சுருள்வில்லாக்கி அந்த அசைவை வாங்கிக்கொள்வதால் அவருடைய உடம்பு ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் போகிறது. அவருடைய எடையைக் குதிரை தாங்கத்தான் வேண்டும், ஆனால் பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை. இதன் விலையைக் கொடுப்பது ஜொக்கியின் தொடைகள். சுவரோரம் அரைக் குந்தலில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள், விளங்கும்.

கைகள் அதைவிட நுணுக்கமான வேலை செய்கின்றன. குதிரை எவ்வளவு தூரத்துக்கும் முழு வேகத்தில் ஓட முடியாது. அதன் பலம் முழுவதையும் எல்லைக் கோட்டில் சரியாகத் தீர்ந்துபோகும்படி செலவழிக்க வேண்டும். முன்னதாகத் தீர்ந்தால் கடைசியில் நடை தளரும். மிச்சம் இருந்தால் அது வீண். இதைத் தீர்மானிப்பதற்கு ஜொக்கியிடம் கடிகாரம் இல்லை. காலை நேரங்களில் நூற்றுக்கணக்கான குதிரைகளை ஓட்டி, ஒரு ஃபேர்லோங் தூரத்தை, அதாவது 201 மீற்றரை, 12 விநாடியில் கடப்பது உடம்புக்கு எப்படி இருக்கும், 13 விநாடியில் கடப்பது எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்கிறார்.

இதற்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல உதாரணம் 1978 ஜூன் 10இல் நியூயோர்க்கில் நடந்த பெல்மொண்ட் ஓட்டம். ஸ்டீவ் கோதன் என்ற 18 வயதுப் பையன் அஃபேம்ட் என்ற குதிரையில். எதிரே அலிடார். அந்த ஆண்டின் மூன்று பெரிய ஓட்டங்களில் முதல் இரண்டிலும் அஃபேம்ட் முதலாவது, அலிடார் இரண்டாவது. மூன்றாவதான இந்த ஓட்டம் ஒன்றரை மைல். தூரம் கூடினால் அலிடார் பிடித்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். கோதன் தொடக்கத்திலேயே முன்னுக்குப் போய், முன்னே நின்றபடியே வேகத்தை மெதுவாக்கினார். முதல் அரை மைலுக்கு 50 விநாடி. அந்தத் தரக் குதிரைகளுக்கு அது மிக மெதுவான ஓட்டம். பின்னால் இருந்தவர்கள் அவசரப்பட்டால் தங்கள் பலத்தை வீணாக்குவார்கள், பொறுத்திருந்தால் கோதன் தன் பலத்தைச் சேமிப்பார். அலிடாரின் ஜொக்கி இதை உணர்ந்து பாதித் தூரத்துக்கு முன்னரே பக்கத்தில் வந்துவிட்டார். அதன் பிறகு இரண்டு குதிரைகளும் தோளோடு தோளாக ஓடின. கடைசி நேர்த் திடலில் அலிடார் ஒரு கணம் முந்தியது. வலப்பக்கம் அலிடார் ஒட்டியபடி வருவதால் கோதனால் வலக்கையால் சவுக்கை வீச முடியவில்லை. சவுக்கை இடக்கைக்கு மாற்றினார். அந்தக் குதிரையில் அவர் அதற்கு முன் அப்படிச் செய்ததே இல்லை. அஃபேம்ட் மீண்டும் எட்டி, ஒரு தலை அளவில் வென்றது. மூன்று ஓட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அடுத்த குதிரைக்கு அமெரிக்கா 37 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்கு அந்த முடிவைவிட முதல் அரை மைல்தான் முக்கியமாகப் படுகிறது. எல்லோரும் கடைசி நூறு மீற்றரைப் பார்த்துக் கத்துகிறோம். அந்த ஓட்டம் பெரிதும் தீர்மானிக்கப்பட்டது எவரும் கத்தாத இடத்தில்.

அதே கோதன் வளர வளர அமெரிக்காவின் குறைந்த எடைகள் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. எடை சற்றுக் கூடிய இங்கிலாந்துக்கு 1979இல் போய், அங்கே மூன்று முறை முதலிடம் பிடித்து, எடையோடு போராடிக் களைத்து 32 வயதில் ஓய்வுபெற்றார்.

சவுக்கு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் உறுத்துவது அதுதான். இன்றைய பந்தயச் சவுக்கு பஞ்சுறை போட்டது. எங்கள் துவரங்கேட்டியோடு சேர்த்து எண்ணக்கூடாது. பிரித்தானியாவில் 2023 முதல் சமதள ஓட்டத்தில் 6 முறை, வேலி தாண்டும் ஓட்டத்தில் 7 முறை என்பதுதான் உச்சம். கையைத் தோளுக்கு மேலே ஓங்கவும் கூடாது. மீறினால் ஜொக்கிக்கு ஓட்டத் தடை. வரம்பை நாலு அடியோ அதற்கு மேலோ தாண்டினால் குதிரையையே தகுதி நீக்குவார்கள். சவுக்கே வேண்டியதில்லை என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய வாதத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அடித்தால்தான் குதிரை ஓடும் என்ற எண்ணம் பிழை. களைத்த குதிரையை அடித்து எதுவும் எடுக்க முடியாது.

விழுவது இந்தத் தொழிலில் எப்போதாவது நடக்கும் விபத்தில்லை, குறிப்பாக வேலி தாண்டும் ஓட்டங்களில். ஓட்டம் நடக்கும்போதே திடலுக்குப் பக்கத்துப் பாதையில் அம்புலன்ஸ் கூடவே ஓடிவரும். தலையில் அடிபட்டவர் மருத்துவச் சோதனையில் தேறாமல் மறுபடி ஏற முடியாது. காயப்பட்ட ஜொக்கிகளுக்கு உதவ இங்கிலாந்தில் 1964இல் ஒரு நிதியம் தொடங்கி இன்றும் இயங்குகிறது. இப்படிப்பட்ட ஓட்டங்களில் ஏ.பி. மக்கோய் தொடர்ந்து 20 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்து, நாலாயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிகளோடு 2015இல் ஓய்வுபெற்றார். அவர் விழுந்து முறித்த எலும்புகளின் பட்டியல் தனியே நீளும்.

பெண்களும் ஆண்களும் ஒரே பந்தயத்தில், ஒரே விதியில் மோதும் மிகச் சில விளையாட்டுகளில் இது ஒன்று. 2015இல் மிஷெல் பெய்ன் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் கப் வென்றார்; அவருடைய குதிரைக்குப் புக்கிகள் கொடுத்த விகிதம் 100க்கு 1, அதாவது அது வெல்லும் என்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2021இல் ரேச்சல் பிளாக்மோர் கிராண்ட் நஷனலை வென்ற முதல் பெண் ஆனார்.

பந்தயம் கட்டுவது ஜொக்கிக்குத் தடை. உள்ளே தெரிந்த சேதியைக் காசுக்கு வெளியே சொல்வதும் குற்றம். ஓட்ட நாட்களில் கைத்தொலைபேசிப் பாவனைக்கும் கட்டுப்பாடு உண்டு. குதிரைக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடத்துக்காக முயன்றே ஆக வேண்டும் என்பது விதி. வேண்டுமென்றே பிடித்து வைத்தது நிரூபணமானால் தொழிலே போகலாம். நாலாவதாக வந்த குதிரையைக்கூட நடுவர்கள் காணொளியில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

இந்தத் தொழிலுக்குள் வருவது பயிற்றுநர் ஒருவரின் தொழுவத்தில் வேலைக்குச் சேர்ந்துதான். சாணி அள்ளுவதில் தொடங்கி, காலை ஓட்டங்களில் ஏறி, பிறகு பயிலுநர் அனுமதி. அனுபவமில்லாதவரை யார் ஏற்றுவார்கள்? அதற்குத்தான் எடைச் சலுகை. பிரித்தானியச் சமதள ஓட்டங்களில் பயிலுநர் ஏறினால், குதிரை சுமக்க வேண்டிய எடையில் 7 இறாத்தல் குறைப்பார்கள். 20 வெற்றிகள் வந்தபின் சலுகை 5 இறாத்தலாகும், 50க்குப் பின் 3, 95ஆவது வெற்றியோடு அதுவும் தீர்ந்துவிடும். அதன் பிறகு அவர் பெரிய ஜொக்கிகளோடு சமமாக நின்று குதிரை தேட வேண்டும். பலர் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

அடுத்த முறை பந்தய அட்டவணை ஒன்று கையில் கிடைத்தால், குதிரையின் பெயரை விட்டுவிட்டு வலப்பக்கம் ஜொக்கியின் பெயரைப் பாருங்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 7 என்றோ 5 என்றோ ஒரு சிறிய எண் இருந்தால், மேலே இருக்கப்போவது ஒரு பயிலுநர். ஒரு மைல் ஓட்டத்தில் 7 இறாத்தல் என்றால் மூன்று குதிரை நீளத்துக்கும் மேல். அந்தப் பிள்ளையின் அனுபவக் குறைவு அதைவிடக் கூடவா, குறையவா என்பதைத்தான் பயிற்றுநர் கணக்குப் போட்டுப் பார்த்து அவரை ஏற்றியிருக்கிறார்.